மழைநீர் வடிகாலுக்கு விதி எழுதுகிறார்கள்: நாம் எதைக் கேட்க வேண்டும்?

ஓடைக்கரை:
வணக்கம். எங்கள் உள்ளாட்சி மன்றம் மழைநீர் வடிகாலுக்கென்று ஒரு துணைவிதி வரைவை வெளியிட்டு, 30 நாளுக்குள் கருத்து கேட்டிருக்கிறது. இரண்டு முறை படித்துவிட்டேன். அபராதம், மேல்முறையீடு, தாமதத்துக்கு வட்டி என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. வடிகால் ஓடையில் விழுகிற இடத்தை யார் போய்ப் பார்ப்பார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்ப்பார்கள் என்று ஒரு வரிகூட இல்லை.

நான் பொறியாளர் இல்லை. ஓடையை ஒட்டி தினமும் நடக்கிறவன், அவ்வளவுதான். நீண்ட வெயிலுக்குப் பிறகு போன மாதம் முதல் மழை பெய்தபோது நடைபாலத்தில் ஒதுங்கி நின்றேன். வடிகால் குழாயிலிருந்து முதலில் வந்தது தண்ணீரே இல்லை. கரிச்சட்டி கழுவிய நீர் மாதிரி கறுப்பாக, மேலே எண்ணெய்ப் படலத்தோடு, ஒரு வாந்தி நாற்றத்தோடு விழுந்தது. கால் மணி நேரத்தில் பழுப்பானது. அப்புறம் மழை வலுத்தும் நீர் தெளிந்துகொண்டே வந்தது. அந்தக் கால் மணி நேரம் என்னைத் தூங்கவிடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: விதியில் என்ன இருந்தால் அது வேலை செய்யும்?

மழைத்துளி22:
அடிப்படைக் கேள்வி, மன்னிக்கவும். மழை சுத்தமான நீர்தானே? சாக்கடையைச் சுத்திகரிக்க வேண்டும் என்றால் புரிகிறது. மழைக்கு எதற்கு விதி?

கலங்கல்:
நல்ல கேள்வி தம்பி. பலரும் கேட்கத் தயங்குவது. மழை சுத்தமாகத்தான் விழுகிறது. விழுந்த பிறகு அது எதன்மேல் ஓடுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாலையில் பிரேக் தேய்ந்த செம்புத் தூள், டயர் தேய்ந்த ரப்பர், எஞ்சின் எண்ணெய்ச் சொட்டு. தகரக் கூரையிலிருந்து துத்தநாகம். தோட்டத்து உரம், நாய்க் கழிவு, சிகரெட் துண்டு. மழை இல்லாத நாளெல்லாம் இவை சேர்ந்துகொண்டே இருக்கும். முதல் மழை துடைத்து எடுத்துக்கொண்டு போகும். ஓடைக்கரை பார்த்த கறுப்பு நீர் இதுதான். இதை 'முதல் கழுவல்' என்பார்கள். சிறிய, கான்கிரீட் நிறைந்த நீர்ப்பிடிப்பில், அதாவது ஒரு வடிகாலுக்கு மழைநீர் வந்து சேரும் நிலப்பரப்பில், இது தெளிவாகத் தெரியும். பெரிய பகுதியில் ஒவ்வொரு தெருவின் முதல் கழுவலும் வெவ்வேறு நேரத்தில் வந்து கலப்பதால் அவ்வளவு தெரியாது.

ஒரு சம்பவம் சொல்கிறேன். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் நகர்ப்புற ஓடைகளைச் சீர்செய்தார்கள். கோஹோ சால்மன் மீன்கள் கடலிலிருந்து முட்டையிடத் திரும்பி வந்தன. மழை பெய்தவுடன், முட்டையிடும் முன்பே, வட்டமடித்து வாயைத் திறந்து செத்தன. காரணம் தேடிப் பல ஆண்டுகள் போயின. 2020 டிசம்பரில் விடை வெளியானது. டயர் ரப்பரில் விரிசல் விழாமல் இருக்கச் சேர்க்கும் 6பிபிடி என்ற வேதிப்பொருள் காற்றிலுள்ள ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குவினோன் என்ற வேறொன்றாக மாறுகிறது. அதுதான் கொன்றிருக்கிறது. யாரும் ஓடையில் விஷம் ஊற்றவில்லை. கார் ஓட்டினார்கள், மழை பெய்தது.

மழைத்துளி22:
படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. ஆனால் வடிகால் நீர் எப்படியும் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் இல்லையா?

பழைய ஆய்வாளர்:
போகாது. இதைத்தான் முதலில் எல்லோருக்கும் புரியவைக்க வேண்டும். பல நகரங்களில் இரண்டு தனித்தனிக் குழாய்கள். கழிவறை, சமையலறை நீர் ஒன்றில் போய் சுத்திகரிப்பு நிலையம் சேரும். தெருவோரக் கம்பி வலைக்குள் விழும் நீர் மற்றதில் போய் நேரே ஓடைக்கோ ஏரிக்கோ கடலுக்கோ போகும். நடுவில் ஒரு வடிகட்டிகூடக் கிடையாது. லண்டன் போன்ற பழைய நகரங்களில் இரண்டும் ஒரே குழாய். அங்கே பிரச்சினை வேறு: மழை வலுத்தால் குழாய் கொள்ளாமல் மலநீரோடு ஆற்றில் வழியும். அதைப் பிடிக்கத்தான் தேம்ஸ் நதிக்கடியில் 25 கி.மீ. நீளத்துக்குச் சுரங்கக் குழாய் தோண்டி 2025-ல் முழுதாக இணைத்தார்கள்.

சரி, ஓடைக்கரை அவர்களின் கேள்விக்கு வருகிறேன். நான் இந்த வேலையில் இருந்தவன். விதி எழுதுகிறவர்கள் எல்லோரும் மழை நாளையே நினைத்துக்கொண்டு எழுதுகிறார்கள். மாசைப் பிடிக்க வேண்டிய நாள் மழை இல்லாத நாள். மூன்று நாளாகத் துளி மழை இல்லை, ஆனாலும் வடிகால் வாயிலிருந்து நீர் வந்துகொண்டிருக்கிறது என்றால், அது மழைநீர் இல்லை. நிலத்தடி ஊற்று கசிவதாக இருக்கலாம், குடிநீர்க் குழாய் உடைந்திருக்கலாம், இல்லையென்றால் யாரோ கழிவுநீரை வடிகாலில் இணைத்திருக்கிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? முதலில் மூக்கு, கண், கை. வெதுவெதுப்பாக இருக்கிறதா, நுரைக்கிறதா, சாம்பல் நிறத்தில் வழுவழுப்பான பாசி படிந்திருக்கிறதா. அப்புறம் ஒரு பாட்டில் மாதிரி எடுத்து அம்மோனியா பார்ப்போம். அது கூடினால் மலநீர். சோப்புப் பொருள் கூடினால் துணியோ வண்டியோ கழுவிய நீர். எனக்குப் பிடித்த முறை ஒன்று உண்டு. வெளுப்பு மருந்து படாத பருத்திப் பஞ்சைக் கம்பிக் கூட்டில் வைத்து மேன்ஹோலுக்குள் கட்டித் தொங்கவிடுவோம். சில நாள் கழித்து எடுத்துக் காயவைத்து இருட்டறையில் புற ஊதா விளக்கில் காட்டுவோம். சலவைத் தூளில் துணியை வெள்ளையாகக் காட்டச் சேர்க்கும் பொருள் பஞ்சில் ஒட்டியிருந்தால் நீலமாக ஒளிரும். நீர் நள்ளிரவில் மட்டும் வந்து போயிருந்தாலும் பஞ்சு காட்டிக்கொடுத்துவிடும்.

அடுத்தது மேல்நோக்கி நடப்பது. ஒவ்வொரு மேன்ஹோலாகத் திறந்து எந்தக் கிளை ஈரம், எது காய்ந்திருக்கிறது என்று பார்த்துக்கொண்டே போனால் கடைசியில் ஒரு தெரு, ஒரு கட்டடம் மிஞ்சும். அங்கே கழிவறையில் சாயத்தைக் கரைத்து ஊற்றி வடிகாலில் நிறம் வருகிறதா என்று பார்த்தால் முடிந்தது. ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: மேன்ஹோலை மூடி திறந்து மேலிருந்து பார்ப்பதோடு சரி. யாரும் உள்ளே இறங்கக் கூடாது. உள்ளே நிற்கும் வாயு ஒரே மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும்.

நான் பிடித்த இணைப்புகளில் வேண்டுமென்றே செய்தவை உண்டு. ஆனால் குழாய் வேலைக்காரர் தவறான குழாயில் சேர்த்துவிட்டு, வீட்டுக்காரருக்கே தெரியாமல் வருடக்கணக்கில் ஓடியவையும் நிறைய. அதனால்தான் சொல்கிறேன், அபராதத்தை விட ஆய்வு முக்கியம். தேடிப் போனால்தான் இரண்டு வகையும் கிடைக்கும்.

ஓடைக்கரை:
ஐயா, இதை அச்செடுத்து வைத்துக்கொண்டேன். மிக்க நன்றி.

செங்கல்சுவர்:
நான் கட்டட ஒப்பந்தக்காரன். இந்த இழையில் எங்கள் ஆட்களை யாராவது திட்டுவார்கள் என்று எதிர்பார்த்துத்தான் உள்ளே வந்தேன், இதுவரை இல்லை. நானே சொல்லிவிடுகிறேன். திறந்து போட்ட கட்டுமான நிலத்திலிருந்து ஒரு மழையில் போகிற மண் பயங்கரமானது. வேளாண் நிலத்தைவிட 10 முதல் 20 மடங்கு, காட்டைவிட 1,000 முதல் 2,000 மடங்கு என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை சொல்கிறது. என் அனுபவத்தில் நம்பாமல் இருக்க முடியவில்லை.

ஆனால் விதிகள் எங்களிடம் கேட்பது பெரும்பாலும் காட்சிக்குத்தான். 'வண்டல் தடுப்புத் திரை கட்டு' என்பார்கள். கம்பு நட்டு துணி கட்டினால் ஆய்வாளர் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார். துணியின் அடி ஓரத்தைக் குறைந்தது 15 செ.மீ. ஆழத்தில் பள்ளம் வெட்டிப் புதைத்து மண் இறுக்கவில்லை என்றால், நீர் அடியில் நுழைந்து வெளியேறிவிடும். துணி அழகாக நிற்கும், மண் ஓடையில் கிடக்கும். நான் இதைச் செய்திருக்கிறேன். தெரியாமல் செய்தது முதல் முறை மட்டும்தான், அதற்குப் பிறகு தெரிந்தே நேரமில்லை என்று செய்தேன். இப்போது செய்வதில்லை.

எனக்குக் கைகொடுத்தவை சொல்கிறேன். மொத்த நிலத்தையும் ஒரே நாளில் உரித்துப் போடாமல் பகுதி பகுதியாகத் திறப்பது. மண் குவியலை மூடி வைப்பது. லாரி வெளியேறும் வாயிலில் பெரிய ஜல்லி பரப்பி, டயர் மண் அங்கேயே உதிரும்படி செய்வது. அப்புறம் கான்கிரீட் கலவை வண்டியைக் கழுவும் நீரைத் தனிக் குழியில் விடுவது. அந்த நீரின் பி.எச். 12 வரை இருக்கும், அதாவது கடும் காரம். பார்க்கச் சாம்பல் தண்ணீர்தானே என்று தெருவில் விடுகிறார்கள். அதில் கையை வைத்துக்கொண்டே இருந்தால் தோல் வெந்துபோகும். மீனுக்கு என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

கலங்கல்:
செங்கல்சுவர் அண்ணா, இவ்வளவு வெளிப்படையாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். வண்டலைக் குட்டையில் தேக்கிப் படியவிட்டால் போதும் என்று பல விதிகள் நினைக்கின்றன. அசையாத நீரில் 0.1 மி.மீ. மணல் ஒரு மீட்டர் கீழே போகச் சில நிமிடம்கூட ஆகாது. 2 மைக்ரான் (0.002 மி.மீ.) களிமண் துகளுக்கு ஏறக்குறைய மூன்று நாள் ஆகும். துகளின் விட்டம் பாதியானால் படியும் வேகம் கால்பங்காகிறது. ஆகவே களிமண் நிலத்தில் குட்டை வெட்டி வைத்தால் நீர் கலங்கலாகவே வழிந்து போகும். அந்தக் கலங்கலில்தான் செம்பும் பாஸ்பரசும் ஒட்டிக்கொண்டு போகின்றன. மண்ணை நிலத்திலேயே நிறுத்துவதுதான் வழி. ஓடிய பிறகு பிடிப்பது பெரும்பாடு.

சிங்கப்பூரில் கட்டுமான இடத்திலிருந்து பொது வடிகாலுக்கு விடும் நீரில் கரையாமல் கலந்திருக்கும் திடப்பொருள் லிட்டருக்கு 50 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது. கடைசி வடிகால் வாயில் கேமராவும் வைக்கச் சொல்கிறார்கள். அந்த நாட்டு நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு குடிநீருக்கான நீர்ப்பிடிப்பு. தெருவில் விழும் மழையையும் குடிக்கிறார்கள். அந்தக் கண்டிப்பு எங்கிருந்து வருகிறது என்று இதிலேயே தெரியும்.

வரிகட்டுகிறவன்:
எல்லாம் சரி. பணம் யார் தருவது? ஆய்வாளர், பஞ்சு, கேமரா, பரிசோதனை, கடைசியில் இன்னொரு வரியாக என் வீட்டுக்குத்தான் வரும். ஏற்கனவே கட்டும் வரியில் வடிகால் தூர் வாருவதே நடக்கவில்லை. எனக்கு ஓடை மேல் வெறுப்பு இல்லை, நம்பிக்கை போய்விட்டது.

சட்டக்குறிப்பு:
நியாயமான கோபம். இதே கோபம் ஒரு சட்டத்தையே கவிழ்த்திருக்கிறது. அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் 2012-ல், ஒன்பது கவுண்டிகளும் (நம் மாவட்டம் போன்றவை) பால்டிமோர் நகரமும் மழைநீர்க் கட்டணம் விதித்தே ஆக வேண்டும் என்று சட்டம் போட்டது. எதிர்ப்பாளர்கள் அதற்கு 'மழை வரி' என்று பெயர் வைத்தார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. 2015-ல் அந்தக் கட்டாயத்தை நீக்கினார்கள்.

ஜெர்மனியில் இதே கட்டணம் பல நகரங்களில் சத்தமில்லாமல் நடக்கிறது. கழிவுநீர்க் கட்டணத்தை இரண்டாகப் பிரிக்கிறார்கள். நீங்கள் பயன்படுத்தும் குடிநீரின் அளவுக்குக் கழிவுநீர்ப் பங்கு. உங்கள் மனையில் நீர் இறங்காதபடி மூடிய பரப்பின் அளவுக்கு மழைநீர்ப் பங்கு. கான்கிரீட்டைப் பெயர்த்து மண்ணாக்கினால் கட்டணம் குறைகிறது.

இதில் நியாயம் எங்கே என்றால், ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்பது சரியாக 1 லிட்டர். 400 சதுர மீட்டர் கார் நிறுத்துமிடத்தில் 30 மி.மீ. பெய்தால் 12,000 லிட்டர் வடிகாலுக்குப் போகிறது. அந்த நிறுத்துமிடத்தில் குடிநீர் மீட்டர் ஓடவே ஓடாது. பழைய முறையில் அதன் உரிமையாளர் எதுவும் கட்டமாட்டார், அவர் அனுப்பும் வெள்ளத்துக்கு நீங்கள் கட்டுவீர்கள். ஆக, வரிகட்டுகிறவன் அவர்களே, மூடிய பரப்பை வைத்துக் கணக்கிட்டால் உங்கள் பங்கு குறைய வாய்ப்பு உண்டு. ஆனால் அந்தப் பணம் தனிக்கணக்கில் இருக்க வேண்டும், வருடத்துக்கு ஒருமுறை எதற்குச் செலவானது என்று வெளியிட வேண்டும். இந்த இரண்டும் விதியிலேயே எழுதப்படாவிட்டால் நானே எதிர்ப்பேன்.

வரிகட்டுகிறவன்:
தனிக்கணக்கு என்று எழுத்தில் இருந்தால் நான் ஆதரிக்கிறேன். நிறுத்துமிடக் கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

மண்வாசி:
அளவைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். எல்லோரும் நீரில் என்ன கலந்திருக்கிறது என்றே பேசுகிறோம். எவ்வளவு நீர், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பதும் ஓடையைக் கொல்லும். புல்வெளியில் விழுந்த மழை இறங்கிக் கசிந்து நாள்கணக்கில் ஓடையை அடையும். கான்கிரீட்டில் விழுந்தது நிமிடக்கணக்கில் வந்து மோதும். கரை அரிக்கும், மரத்தின் வேர் வெளியே தொங்கும், படுகை ஆழமாகும். பிறகு கோடையில் அடியில் கசிய நீரே இருக்காது. ஒரே ஓடைக்கு மழையில் வெள்ளம், வெயிலில் வறட்சி.

அமெரிக்காவில் டாம் ஷூலர் என்பவர் 1994-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்: நீர்ப்பிடிப்பில் நீர் இறங்காத பரப்பு 10 சதவீதத்தை நெருங்கும்போதே ஓடையின் உயிர்கள் குறையத் தொடங்குகின்றன, 25 சதவீதத்தைத் தாண்டினால் அது பெரும்பாலும் வெறும் வாய்க்கால்தான். எல்லா நிலத்துக்கும் இதே எண் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பத்து என்பது எவ்வளவு சின்ன எண் என்று பாருங்கள்.

சட்டக்குறிப்பு:
மண்வாசி சொன்னது வரைவில் தனியாக, தெளிவாக வர வேண்டும். 2013-ல் வர்ஜீனியாவில் ஒரு வழக்கு. அக்கோட்டிங்க் என்ற ஓடையில் வண்டல் அதிகம். வண்டலை நேரடியாக அளப்பதற்குப் பதில் மழைநீரின் ஓட்ட அளவுக்கு வரம்பு வைத்தது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. நீதிபதி ஏற்கவில்லை. தூய நீர்ச் சட்டம் தந்த அதிகாரம் மாசுப் பொருளின் மீது, நீரோட்டம் மாசுப் பொருள் அல்ல என்றார். அறிவியலாக முகமை சொன்னதில் பொருள் இருந்தது, ஆனால் சட்டத்தின் சொல்லில் இடமில்லை. ஆகவே உங்கள் துணைவிதியின் நோக்கத்திலேயே 'மாசும், ஓட்டத்தின் அளவும் வேகமும்' என்று எழுதச் சொல்லுங்கள். ஒரே ஒரு சொல்தொடர், பின்னால் பல வருட வழக்கை மிச்சப்படுத்தும்.

இன்னொன்று. 'நீர்நிலையின் தரம் கெடும்படி யாரும் செய்யக் கூடாது' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் நன்றாகத்தான் ஒலிக்கும். 2025 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ நகரம் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில் சொன்னது இது: கடைசியில் நீர்நிலை கெடக் கூடாது என்று மட்டும் கழிவுநீர் வெளியேற்றும் உரிமத்தில் எழுதிவிட்டுப் பொறுப்பை உரிமதாரர் தலையில் போட முடியாது, என்ன செய்ய வேண்டும் என்பதை முகமைதான் எழுத வேண்டும். அந்தத் தீர்ப்பில் எனக்கு வருத்தம் உண்டு. கடைசிக் காவலாக அப்படி ஒரு வரி இருப்பது நல்லது என்று நினைக்கிறேன். ஆனால் விதி எழுதுகிறவர்களுக்கு அதில் பாடம் இருக்கிறது. யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்று எழுதாவிட்டால் கெட்டுப்போன ஓடையின் முன் நின்றுகொண்டு ஒருவரை ஒருவர் கைகாட்டுவோம்.

மழைத்துளி22:
இந்த அமெரிக்கச் சட்டம் எப்போது மழைநீரைச் சேர்த்தது? முதலிலிருந்தே இருந்ததா?

சட்டக்குறிப்பு:
1972-ல் தூய நீர்ச் சட்டம் தொழிற்சாலைக் குழாயையும் கழிவுநீர் நிலையத்தையும்தான் முதலில் குறிவைத்தது. மழைநீருக்கென்று தெளிவான ஏற்பாடு 1987 திருத்தத்தில் வந்தது. 1990-ல் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகர வடிகால் அமைப்புகளுக்கு உரிமம் கட்டாயமானது, 1999 விதி சிறு நகரங்களையும் ஒரு ஏக்கர் கட்டுமானத்தையும் சேர்த்தது. அதில் ஒரு கடமை, பழைய ஆய்வாளர் சொன்ன அதே வேலை: கள்ள இணைப்பைத் தேடிக் கண்டுபிடித்து நீக்குவது. அதற்கு முதல் படி எல்லா வடிகால் வாய்களையும் குறித்த வரைபடம்.

கலங்கல்:
வடிகாலில் பிடிப்பதை விட மூலத்திலேயே நிறுத்துவது எவ்வளவு மலிவு என்பதற்கு அமெரிக்காவின் ஆஸ்டின் நகரம் ஒரு சாட்சி. வாகன நிறுத்துமிடங்களின் மேல் கறுப்பாகப் பூசும் பூச்சில் நிலக்கரித் தாரைக் கலந்த வகை ஒன்று உண்டு. அது தேய்ந்து தூளாகி ஏரி வண்டலில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய சேர்மங்களைச் சேர்த்தது. ஆஸ்டின் நகர மன்றம் 2005-ல் அதைத் தடைசெய்தது, 2006 தொடக்கத்தில் தடை அமலானது. சில வருடம் கழித்து அந்த நகரத்து லேடி பேர்ட் ஏரியின் வண்டலை எடுத்துப் பார்த்த அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தார் அந்தச் சேர்மங்கள் சராசரியாக 58 சதவீதம் குறைந்திருந்ததைக் கண்டார்கள். ஒரு நகர மன்றத்தின் ஒரு பக்கத் தீர்மானம். அதே அளவை வடிகாலின் வாயில் வடிகட்ட முயன்றிருந்தால் எத்தனை வடிகட்டி வேண்டியிருக்கும்!

பிரேக் செம்பு மட்டும் உள்ளூரில் முடியாது. அதற்கு வாஷிங்டன், கலிஃபோர்னியா இரண்டும் 2010-ல் மாநிலச் சட்டம் போட்டன. பிரேக் பட்டையில் செம்பு 2021-க்குள் 5 சதவீதத்துக்குக் கீழ், 2025-க்குள் அரை சதவீதத்துக்குக் கீழ். எதை உங்கள் மன்றத்தால் தடுக்க முடியும், எதற்கு மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

செங்கல்சுவர்:
ஒரு வேண்டுகோள். நீர் இறங்கும் தளக்கல், மழைத் தோட்டம் (மழைநீரை வாங்கி மண்ணுக்குள் இறக்கும் தாழ்வான செடிப் பாத்தி) இவற்றைக் கட்டாயமாக்கினால் பராமரிப்பையும் சேர்த்து எழுதுங்கள். நான் போட்ட நீர் இறங்கும் தளம் ஒன்றைச் சில வருடம் கழித்துப் போய்ப் பார்த்தேன். இடுக்கெல்லாம் தூசி அடைத்து, சாதாரணக் கான்கிரீட் போல நீர் தேங்கி நின்றது. உறிஞ்சு இயந்திரத்தால் அவ்வப்போது தூசியை எடுக்க வேண்டும் என்று உரிமையாளரிடம் யாரும் சொல்லவே இல்லை. நானும் சொல்லவில்லை.

மண்வாசி:
உண்மை அண்ணா. மழைத் தோட்டத்தில் இரண்டு நாளுக்கு மேல் நீர் நின்றால் அடைத்துக்கொண்டது என்று பொருள். கொசுப் புழு வளர ஒரு வாரம் போல வேண்டும், அதற்குள் இறங்கிவிட்டால் பயமில்லை. 'கட்டி முடித்ததும் ஒப்புதல்' என்று நிறுத்திவிடாமல், வருடம் ஒருமுறை நீர் ஊற்றி எத்தனை மணி நேரத்தில் இறங்குகிறது என்று பார்த்துப் பதிவு செய்யச் சொல்லலாம். வாளியும் கடிகாரமும் போதும்.

ஓடைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

பழைய ஆய்வாளர் ஐயா சொன்னபடி மழை விட்டு நான்காம் நாள் காலை ஓடைக்குள் இறங்காமல் கரையோரமாகவே நடந்து வடிகால் வாய்களை எண்ணினோம், நானும் பக்கத்து வீட்டு அக்காவும். மன்றத்தின் வரைபடத்தில் 17 இருக்கின்றன. நாங்கள் 23 எண்ணினோம். அதில் மூன்றில் நீர் வந்துகொண்டிருந்தது. இரண்டில் தெளிந்த நீர், குளிர்ச்சியாக, வாசனை இல்லாமல். மூன்றாவதில் விரல் தடிமனுக்கு வெதுவெதுப்பாக ஒரு ஓட்டம், கல்லில் விழுந்த இடத்தில் கலையாத நுரை. அக்கா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு, 'இது ஷாம்பு வாசனை' என்றார்.

வடிகால் பணியாளர் ஒருவரிடம் சொன்னேன். அவர் மறுப்பார் என்று நினைத்தேன், உடனே வந்தார். மூடிகளைத் திறந்து மேலிருந்தே பார்த்துக்கொண்டு போனோம். நான்காவது மூடியில் இரண்டு கிளை. இடது காய்ந்து சிலந்தி வலையோடு கிடந்தது, வலது ஈரம். அந்தத் தெருவில் வண்டி கழுவும் இடம் ஒன்றுதான் இருந்தது. உரிமையாளர் எங்களோடு வந்து பார்த்தார். அவர் இடத்தை எடுக்கும் முன்பே அந்த இணைப்பு இருந்திருக்கிறது, கழிவுநீர்க் குழாய் என்றே நம்பியிருந்தார். எண்ணெய் பிரிக்கும் தொட்டி வழியாகச் சரியான குழாய்க்கு மாற்ற ஒப்புக்கொண்டு அந்த வாரமே வேலையைத் தொடங்கிவிட்டார். யாரும் யார்மேலும் வழக்குப் போடவில்லை.

பழைய ஆய்வாளர்:
மனம் நிறைந்தது தம்பி. தெளிந்த நீர் வந்த அந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். குடிநீர்க் குழாய் கசிவாக இருந்தால் குடிநீர்த் துறை உங்களுக்கு நன்றி சொல்லும். வரைபடத்தில் இல்லாத அந்த 6 வாய்களையும் முதலில் பதிவு செய்யச் சொல்லுங்கள். வரைபடத்தில் இல்லாத குழாய்க்கு யாரும் பொறுப்பில்லை.

வரிகட்டுகிறவன்:
நீங்கள் மன்றத்துக்கு எழுதிய கருத்தை இங்கே போட முடியுமா? எங்கள் பகுதியிலும் இது வரும் போலிருக்கிறது.

ஓடைக்கரை:
முழுக் கடிதம் நீளம். முக்கியமான பத்தி இது, திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்:

'இத்துணைவிதியின் நோக்கம் மழைநீரில் கலக்கும் மாசையும், மழைநீர் ஓட்டத்தின் அளவையும் வேகத்தையும் கட்டுப்படுத்துவதாகும். எல்லா வடிகால் வாய்களையும் காட்டும் வரைபடம் ஓராண்டுக்குள் தயாரித்துப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும். ஒவ்வொரு வாயும், தொடர்ந்து மூன்று நாள் மழை பெய்யாத காலத்தில், ஆண்டுக்கு இருமுறையாவது நேரில் பார்க்கப்படும். பார்த்தவர் பெயர், நாள், நீர் இருந்ததா, நிறம், மணம், எடுத்த நடவடிக்கை ஆகியவை பதிவேட்டில் எழுதப்பட்டு ஒரு மாதத்துக்குள் வெளியிடப்படும். தவறான இணைப்பை உரிமையாளர் தாமே தெரிவித்து 60 நாளுக்குள் சரிசெய்தால் அபராதம் இல்லை.'

சட்டக்குறிப்பு:
'பார்த்தவர் பெயர்' என்பதோடு 'பதவி' என்றும் சேருங்கள். ஆள் மாறினாலும் பொறுப்பு மாறாது. மற்றபடி கை வைக்க எதுவும் இல்லை.

ஓடைக்கரை:
சேர்த்துவிட்டேன். கூட்டம் வியாழக்கிழமை. 23 வாய்களையும் குறித்த வரைபடத்தை அக்கா வரைந்துகொண்டிருக்கிறார், அதையும் எடுத்துக்கொண்டு இருவருமாகப் போகிறோம்.